நெடி வராத மிளகாய்

போன மாசம் நம்ம பழைய பெக்டரியில இருந்து ரெண்டு பேரு வீட்டுக்கு வந்தாங்க. புதுசா சேர்ந்த, மெசின் பாக்குற பிட்டர்மாரு. தேயிலை காயவைக்கிற டிரையருக்குப் புது அடுப்பு வைக்கிறாங்களாம். எல்லாம் பொத்தானாம். சூடு எவ்வளவுன்னு கண்ணாடியில நம்பராவே காட்டுமாம். "மாமா, இதெல்லாம் இல்லாத காலத்துல நெருப்ப எப்படி அடக்கி வச்சிருந்தீங்க?"ன்னு கேட்டாங்க. அடக்குறதா! எவன் அடக்கினான்? நாங்க அதுகிட்ட கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தோம், அவ்வளவுதான். இஷ்டம் இருந்தா பதில் சொல்லும், இல்லாட்டி மூஞ்சியில பொகைய ஊதும். "அத அப்படியே எழுதிக் குடுங்க மாமா, ஆண்டு மலர்ல போடுறோம்"னாங்க. எழுதுறேன். ஆனா பேசுற மாதிரிதான் எனக்கு எழுத வரும். இலக்கணம் பாக்குறவங்க பக்கத்தப் புரட்டிக்கிட்டுப் போயிடலாம்.

கொட்டகலைக்கு மேல இருக்கிற ஒரு தோட்டத்து பெக்டரி அது. அங்க நான் எடுபிடியா நுழைஞ்சு, கிரீஸ் பூசி, பெல்ட்டு தைச்சு, ரோலருக்கு அடியில படுத்து எழும்பி பிட்டரா ஆனேன். அந்தக் கதை எல்லாருக்கும் உள்ளதுதான், விட்டுடுவோம். எழுபதுகள்ல எண்ணெய் வெலை கன்னாபின்னான்னு ஏறினதும், எண்ணெயில எரிஞ்ச டிரையர் அடுப்ப விறகுக்கு மாத்தினாங்க. அன்னைக்குத்தான் எனக்கு நெருப்பு மேல பைத்தியம் பிடிச்சது.

அடுப்பு எப்படி இருக்கும்னு சொல்லிடுறேன், பின்னால வேணும். கீழ விறகு எரியும். அந்தச் சூடும் பொகையும் இரும்புக் குழாய்களுக்குள்ளாற ஓடி, சிம்னி வழியா வெளிய போயிடும். குழாய்க்கு வெளிப்பக்கம் சுத்தமான காத்து. அத ஒரு பெரிய பேன், பின் சுவத்து ஜன்னல் வழியா இழுத்து, சுட்ட குழாய் மேல தடவி, டிரையருக்குள்ள அனுப்பும். அந்தக் காத்துலதான் தேயிலை காயும். பொகையும் காத்தும் பக்கத்துப் பக்கத்துலயே போகும், ஆனா ஒண்ண ஒண்ணு தொடக் கூடாது. குழாயில ஒரு வெடிப்பு வந்தாப் போதும், தேயிலையெல்லாம் பொகை வாடை. தேயிலை மாதிரி வாடைய உறிஞ்சுற சாமான் ஒலகத்துல கெடையாது.

அதனாலதான் எங்க டீமேக்கர் மத்தேயு ஐயா அப்படி இருந்தாரு. தேயிலைப் பக்குவம் முழுக்க அவரு பொறுப்பு. ஒல்லியான மனுசன், கழுத்துல எப்பவும் மப்ளர். சத்தம் போட்டு நான் கேட்டதில்ல. கோவம் வந்தாலும் "பாப்போம்", சந்தோசம் வந்தாலும் "பாப்போம்". டிரையர் பக்கம் பீடி கூடாது, பூ கூடாது. ஒரு தடவ வாசனை சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வந்த புது மாப்பிள்ளையத் திருப்பி அனுப்பிட்டாரு. "கல்யாணம் பண்ணது நீ, தேயிலையும் ஏம்ப்பா மணக்கணும்?"னு கேட்டாரு. காலையில பங்களாவ விட்டு இறங்குறப்பவே சிம்னியப் பாத்துக்கிட்டுத்தான் வருவாரு. பொகை வெள்ளையா வந்தா விறகு ஈரம். கறுப்பா வந்தா நெருப்புக்கு மூச்சுக்காத்து பத்தல. ஒண்ணுமே தெரியாம, சிம்னி வாய்க்கு மேல வானம் லேசா ஆடுற மாதிரி இருந்தா முகத்துல ஒரு சிரிப்பு வரும்.

அவருகிட்ட நான் கேள்வியாக் கேட்டு உயிர வாங்குவேன். ஒரு நாள், "ஐயா, இந்த டேர்பன்டைன் மரக் கட்டையத் தொட்டா ஐஸ் மாதிரி ஜில்லுனு இருக்கே, இதுக்குள்ள சூடு எங்கங்க ஒளிஞ்சிருக்கு?"ன்னு கேட்டேன்.

"உள்ள சூடு இல்ல ராசு"ன்னாரு. "சூடாகக்கூடிய சரக்குதான் இருக்கு. நீ ஒரு எடத்துல, உன் பொஞ்சாதி ஒரு எடத்துல இருந்தா சத்தம் உண்டா?"

"இல்லீங்க."

"ஒரே காம்பரா அறையில சேர்த்துவிட்டா?"

"லயத்து வரிசையே கேக்கும்ங்க."

"அது மாதிரிதான். விறகு ஒரு பக்கம், காத்து ஒரு பக்கம். ரெண்டும் சேர்ந்து வேற ஒண்ணா மாறுறப்ப, உள்ள கட்டிக் கெடந்ததெல்லாம் சூடாவும் வெளிச்சமாவும் வெளிய வருது. மரம் வளர்ற காலம் பூரா வெயில வாங்கி உள்ள வச்சிருக்கு. நாம திருப்பிக் கேக்குறோம்."

"அப்ப தீக்குச்சி எதுக்குங்க?"

"ஆரம்பிச்சுவைக்க ஒருத்தர் வேணாமா? மாமியா மாதிரி வச்சுக்கயேன்."

இன்னொரு நாள் அவரு ருசி பாக்குற அறைக்குக் கூப்பிட்டாரு. ஜன்னல மூடி, ஒரு மெழுகுவர்த்திய ஏத்தினாரு. கொஞ்ச நேரம் எரியவிட்டு ஊதி அணைச்சாரு. திரியில இருந்து வெள்ளையா நூல் மாதிரி பொகை எழும்புச்சு. தீக்குச்சியக் கிழிச்சு, திரியத் தொடாம, மேல போற பொகையில காட்டினாரு. ஆத்தாடி! நெருப்பு அந்தப் பொகை வழியா கீழ இறங்கி ஓடிப்போய் திரியில குந்திக்கிச்சு. நான் பயந்து ஒரு எட்டு பின்னால போயிட்டேன். "பொகை எரியுதுங்க ஐயா!"ன்னேன். "ஆமா. பொகைன்னா எரியாமத் தப்பிச்சுப் போற விறகு. சிம்னியில பொகை கூடுதலாப் போனா, நம்ம சூடு ஊர் மேயப் போகுதுன்னு அர்த்தம்"னாரு. வீட்டுக்கு வந்து அதையே செஞ்சு செஞ்சு ஒரு பெட்டி தீக்குச்சியக் காலி பண்ணி, பொஞ்சாதிகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அடுப்பு எரிக்கிற வேலை சுப்பையா அண்ணனோடது. ரெண்டு கட்டைய எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாப்பாரு. டங்குனு கேட்டா காஞ்சது, தொப்புனு கேட்டா ஈரம், அடுக்குக்குத் திரும்பிப் போ. ஈரக் கட்டையப் போட்டா, நெருப்பு தன் சூட்டுல பாதிய அந்தத் தண்ணியக் கொதிக்க வைக்கவே செலவழிச்சிடும். கதவத் தொறந்து ஒரேயடியா நெரப்ப மாட்டாரு. கொஞ்சம் போடுவாரு, மூடுவாரு, சாம்பக் கதவ விரலளவு தொறந்துவச்சு மூச்சு விடுவாரு. உள்ள மங்கின செவப்பா இருந்தா சூடு பத்தாது. ஆரஞ்சா, கிச்சிலிப் பழ நெறத்துக்கு வந்தாத்தான் டிரையர் கேக்குற சூடு. நெருப்போட நெறமே சூட்டச் சொல்லிடும்கிறது எனக்கு அப்ப ஒரு பெரிய அதிசயம். இப்பவும்தான்.

இப்படி ஒழுங்காப் போயிக்கிட்டு இருந்தப்பத்தான் கொழும்புல இருந்து சேதி வந்துச்சு. எங்க தூளுல பொகை வாடை அடிக்குதாம். முதல் தடவ மத்தேயு ஐயா நம்பல. வச்சிருந்த மாதிரித் தூள ஊத்திக் குடிச்சுப் பாத்தவரு கப்ப மெதுவாக் கீழ வச்சாரு. நெசந்தான். அதுலயும் காலையில முதல்ல காயுற தேயிலையில மட்டும்தான் வாடை. மத்தியானத் தேயிலை தங்கம்.

தோட்டத்த நடத்துற பெரிய தொரைக்கு அதுக்கு மேல விசாரணை தேவைப்படல. காலையிலதான் ஆறின அடுப்பப் பத்தவைக்கிறது. ஈர விறகப் போட்டு மூட்டுறான், பொகை அடிக்குது, அடுப்புக்காரன் சரியில்ல. அடுத்த சரக்குலயும் வாடை வந்தா சுப்பையாவுக்குப் பத்துச்சீட்டுன்னு சொல்லிட்டாரு. பத்துச்சீட்டுன்னா தோட்டத்த விட்டுப் போன்னு குடுக்குற துண்டு. வேலை மட்டுமா போகும்? லயத்துக் காம்பராவும் போகும். அவங்க சொந்தக்காரங்க முக்காவாசிப் பேரு அப்பவே இந்தியாவுக்குக் கப்பலேறிட்டாங்க. இவரும் இவரு சம்சாரம் மாரியாயியும் இந்த மண்ண விட்டுப் போகமாட்டோம்னு இருந்துட்டாங்க. இங்கயும் எடமில்லன்னா புள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க போவாங்க? அந்த மனுசன் கட்டையத் தட்டித் தட்டிக் காதுல வச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தாரு.

குழாய்தான் வெடிச்சிருக்குன்னு நான் சத்தியம் பண்ணாத குறை. ஞாயித்துக்கிழமை அடுப்ப ஆறவிட்டு, உள்ள தவழ்ந்து போயி, ஒவ்வொரு குழாய்க்குள்ளயும் விளக்க விட்டு வெளிய இருட்டுல வெளிச்சம் கசியுதான்னு பாத்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் வரல. வெளிய வந்தப்ப என் பல்லு மட்டும்தான் வெள்ளையா இருந்துச்சு.

திங்கக்கிழமை காலையில மாரியாயி மதினி அடுப்படிக்கு வந்தாங்க. அவங்க விறகுக் கொட்டகையில கட்டை சுமக்குற வேலை. முந்தானையில காஞ்ச மிளகாயும் உப்பும். "யாரு கண்ணோ பட்டிருக்கு, நில்லுங்க"ன்னு புருசனப் பிடிச்சு நிப்பாட்டி, தலையச் சுத்தி, துப்பச் சொல்லி, அடுப்பு வாயில வீசினாங்க. நமக்கெல்லாம் தெரியும், மிளகாய் நெடி வந்தா கண்ணு இல்ல, நெடி வராட்டி கண்ணு பட்டிருக்கு. வரவே இல்ல. "பாத்தீங்களா! எவ்வளவு கண்ணு பாத்தீங்களா!"ன்னு மதினி அழ ஆரம்பிச்சிட்டாங்க.

எனக்கு வேற ஒண்ணு பொறி தட்டுச்சு. டிரையர் பக்கம் ஓடினேன். அங்க நின்னவங்க ஒருத்தரும் தும்மல. மத்தேயு ஐயாகிட்டப் போயி, "ஐயா, குழாயில வெடிப்பு இருந்தா மிளகாய் நெடி டிரையருக்கு வந்திருக்கணுமில்ல? வரல. குழாய் நல்லாருக்குங்க!"ன்னு குதிச்சேன்.

அவரு மப்ளரச் சரி பண்ணிக்கிட்டு, "பாப்போம்"னாரு. "எரியுற நெருப்புல போட்டா மிளகாய் முழுசா எரிஞ்சிடும். முழுசா எரிஞ்சா நெடி ஏது? நெடிங்கிறது அரையும் குறையுமா கருகுறது. நெருப்பக் கும்ம வச்சுப் போட்டுப் பாக்கணும்."

வெயில் ஏறினப்பொறகு சாம்பக் கதவ மூடி, நெருப்ப மூச்சுத் திணற வச்சு, அவரு வீட்டுச் சமையக்கட்டுல இருந்தே ஒரு பொட்டணம் மிளகாய் கொண்டாந்து போட்டாரு. பேன் ஓடுது. அடுப்படியில சுப்பையா அண்ணன் இருமி இருமிக் கண்ணு பிதுங்கிப் போச்சு. நான் டிரையர் வாயில மூக்க வச்சுக்கிட்டே நின்னேன். சுத்தமான சூட்டுக் காத்து. குழாய் மேல தப்பில்லன்னு இப்ப நிச்சயமா தெரிஞ்சுபோச்சு. ஆனா பொகை எங்கயிருந்து வருதுன்னுதான் தெரியல. தொரைகிட்டச் சொன்னோம். "அப்ப உங்க தேயிலை தானாப் பொகை குடிச்சிச்சா?"ன்னு சிங்களத்துல கேட்டுட்டுப் போயிட்டாரு.

ரெண்டு மூணு நாள் கழிச்சு ஒரு காலை. மூடுபனி எறங்கி எதிர்ல நிக்கிறவன் தெரியல. அந்தச் சரக்குத்தான் கொழும்புக்குப் போகணும், தொரையும் பாக்க வர்றதாச் சொல்லியிருந்தாரு. டிரையர்ல முதல் தேயிலை காயத் தொடங்கியிருக்கு. தட்டுக்காரன் ஒருத்தன் தும்மினான். அடுத்தவன் தும்மினான். பொறகு பாருங்க, மொத்தக் கூட்டமும் ஹச்சு ஹச்சுன்னு ஆரம்பிச்சிருச்சு! கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி. சத்தமே போடாத மத்தேயு ஐயா மப்ளரால மூக்கப் பொத்திக்கிட்டு, "எவன்டா அது!"ன்னு கத்தினாரு. கடைசியில குழாய் வெடிச்சே போச்சுன்னு நான் அடுப்படிக்கு ஓடினேன். சுப்பையா அண்ணன் கட்டையும் கையுமா நிக்கிறாரு. நெருப்பு கிச்சிலிப் பழமா எரியுது. "நான் ஒண்ணும் போடலப்பா"ன்னாரு, பாவம், திருதிருன்னு முழிச்சுக்கிட்டு.

அடுப்புல இல்லன்னா, பேன் இழுக்குற காத்துலதான் நெடி வருது. அந்தக் காத்து பின் சுவத்து ஜன்னல்ல இருந்து வருது. சுத்திக்கிட்டுப் பின்பக்கம் ஓடினேன்.

ரெண்டு சுவர் சேர்ற மூலை. ஜன்னலுக்கு நேர் கீழ, விறகு சுமக்குற பொம்பளைங்க சாக்கப் போத்திக்கிட்டு குந்தியிருக்காங்க. நடுவுல சின்னதா ஒரு நெருப்பு. செடி வெட்டின கவ்வாத்து மலையில பொறுக்கின ஈர மிலாறு, அந்தத் தேயிலைக் குச்சி, சிணுங்கிச் சிணுங்கி எரியுது. மாரியாயி மதினி கையில புருசனோட பழைய சட்டை. மனுசன் வேலையில நிக்கிறதால சட்டையச் சுத்தி மிளகாயப் போட்டிருக்காங்க. "பெக்டரி நெருப்பு நம்ம கண்ணு கழிக்காது தம்பி, அதான் நம்ம கையால மூட்டினதுல போட்டேன். இப்பவும் பாருங்க, ஒரு துளி நெடி வரல! எந்தச் சண்டாளி கண்ணோ!"

உள்ளாற அத்தனை பேரும் தும்முற சத்தம் ஜன்னல் வழியா நல்லாவே கேக்குது.

நான் பொகையப் பாத்தேன். நேரா மேல போகல. சாஞ்சு, வளைஞ்சு, வாய்க்காலுக்குத் தண்ணி போற மாதிரி ஜன்னலுக்குள்ள போயிக்கிட்டு இருந்துச்சு. "மதினி, குளிர்காய இந்த மூலைய ஏன் பிடிச்சீங்க?"ன்னு கேட்டேன்.

"இங்க காத்து அடிக்காது தம்பி. அதோட வேற எங்க மூட்டினாலும் பொகை கண்ணக் கரிக்கும். இங்க மட்டும் பொகை தானாவே போயிடும். நல்ல எடம்."

மத்தேயு ஐயா கண்ணத் தொடைச்சுக்கிட்டே வந்து சேர்ந்தாரு. கேட்டாரு. குனிஞ்சு ஒரு மிலாற எடுத்து நெருப்புல போட்டுட்டு, அந்தப் பொகை போற வழியவே பாத்துக்கிட்டு நின்னாரு. "பெரிய நெருப்பு தன் பொகையத் தானே தின்னுடும் ராசு. இந்தச் சின்ன நெருப்புக்கு அந்தத் தெம்பு இல்ல. எரிக்க முடியாதத அப்படியே வெளிய விடுது, நம்ம பேன் அத வாங்கித் தேயிலைக்குக் குடுக்குது. வெயில் வந்தா இவங்க எழும்பிப் போயிடுறாங்க, மத்தியானத் தேயிலைக்கு வாடையில்ல"ன்னவரு, சிரிக்க ஆரம்பிச்சாரு. அவரு வாய்விட்டுச் சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன். எனக்கும் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு.

மாரியாயி மதினி சிரிக்கல. அவங்களுக்கு மெதுவா வெளங்கிக்கிட்டு வந்துச்சு. "அப்ப... அந்தப் பொகை என் நெருப்பா?"ன்னு கேட்டாங்க. எங்க ரெண்டு பேரு சிரிப்பும் சட்டுனு நின்னுபோச்சு. "ஊர்ல உள்ளவ கண்ணையெல்லாம் ஏசித் தீர்த்தேனே. என் கையாலயே அவரு வயித்துல அடிச்சிருக்கேனே!"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. அந்தச் சட்டைய நெஞ்சோட அமுக்கிப் பிடிச்சிருந்தாங்க. சிரிச்சதுக்கு எனக்கு வெக்கமாப் போச்சு.

தொரை வந்தாரு. மத்தேயு ஐயா பேச்ச வளர்க்கல. அவர டிரையர் வாயில நிப்பாட்டிட்டு, என்னைய ஒரு ஈர மிலாற அந்த மூலையில கொளுத்தச் சொன்னாரு. கொஞ்ச நேரத்துல தொரையே மூக்கச் சுளிச்சுக்கிட்டு வெளிய வந்தாரு. சுப்பையா மேல குத்தம் இல்லன்னு ஒத்துக்கிட்டாரு. ஆனா, "இங்க நெருப்பு மூட்டினது யாரு?"ன்னு கேட்டாரு. மதினிதான் முன்னால வந்து, "நான்தாங்க தொரை"ன்னாங்க. வெரட்டினா என்னைய வெரட்டுங்க, அவர விட்டுடுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. சுப்பையா அண்ணன் பக்கத்துல வந்து நின்னாரு. தொரை ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாரு. காத்த மேலயிருந்து இழுக்குற மாதிரி, ஜன்னலுக்குத் தகரத்துல கூண்டு அடிச்சுக் கூரைக்கு மேல ஏத்தச் சொன்னாரு. பெக்டரியச் சுத்தி இனிமே ஒருத்தரும் நெருப்பு மூட்டக் கூடாதுன்னு உத்தரவு போட்டுட்டுப் போனாரு. வேலை தப்பிச்சது.

கூண்ட நான்தான் அடிச்சேன். தேயிலையில வாடை நின்னுபோச்சு. ஆனா அந்த மாசக் குளிரு இருக்கே, விரலு மடங்காது. பொம்பளைங்க சாக்கோட ஒடுங்கிப் போயி நிப்பாங்க. "இவ கண்ணு கழிச்ச லட்சணத்துல எங்க குளிர்காயலும் போச்சு"ன்னு ஒருத்தி வாய்க்கு வந்தபடி பேசுவா. மதினி தள்ளிப் போயித் தனியா நிப்பாங்க. வீட்டுலயும் புருசன் மூஞ்சியப் பாத்துப் பேசுறதில்லையாம். சுப்பையா அண்ணன் எங்கிட்டச் சொல்லி வருத்தப்பட்டாரு. அப்படியே, "ஒரு தார்ப் பீப்பாய பாதியா வெட்டிக் குடேன்"னாரு. வெட்டிக் குடுத்தேன்.

மறுநாள் காலையில அடுப்பு நல்லாப் பிடிச்சு எரிஞ்சதும், பழுத்த கங்கா இழுத்து அந்தப் பீப்பாய் நெறையப் போட்டு, ரெண்டு கம்பியில மாட்டி நானும் அவருமாத் தூக்கிட்டுப் போயி, ஜன்னலுக்கு எட்டாத, கீழ பணியப் பக்கத்துப் படிக்கட்டுல வச்சோம். மத்தேயு ஐயா சிம்னியப் பாத்துக்கிட்டே இறங்கி வந்தவரு எங்களப் பாத்துட்டாரு.

"சுப்பையா, தொரை என்ன சொன்னாரு?"

"நெருப்பு மூட்டக் கூடாதுன்னாருங்க ஐயா. நான் மூட்டலீங்களே. எரிஞ்சு முடிஞ்சதத்தானே கொண்டாந்தேன்."

மத்தேயு ஐயா பீப்பாய்க்கு மேல குனிஞ்சு மூக்க நீட்டினாரு. சுவாலை இல்ல, பொகை இல்ல. செவந்த வெளிச்சமும் சூடும் மட்டும். "பொகையாகுறதெல்லாம் உள்ளயே எரிஞ்சு போச்சு. மிச்சம் வெறும் கரி"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு, ரெண்டு கையையும் நீட்டிக் கொஞ்ச நேரம் காஞ்சாரு. பொறகு படியேறிப் போயிட்டாரு. பொம்பளைங்க ஒவ்வொருத்தரா வந்து சுத்திக் குந்தினாங்க. மதினி மட்டும் நின்ன எடத்துலயே நின்னாங்க.

"அடியே, வா"ன்னு கூப்பிட்டாரு சுப்பையா அண்ணன். "ஒனக்குத்தான் கொண்டாந்தேன்."

மதினி வந்து பீப்பாய் ஓரத்துல குந்தி, கைய நீட்டினாங்க. கன்னத்துல பொலபொலன்னு கொட்டுச்சு. நேத்து வரைக்கும் ஏசிக்கிட்டிருந்தவ பாத்துட்டு, "பொகையே இல்லாத நெருப்புக்கு என்னடி இப்படிக் கண்ணு கலங்குது?"ன்னு கேட்டா.

"பேசாமக் குளிர்காயுடி"ன்னாங்க மதினி.